உயிரோடிருப்பவளின் படம்

செல்வி வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

செல்வி என் தங்கை. அவள் கிளமெண்டி, நான் பாசிர் ரிஸ். தீவின் ஒரு கோடியும் மறு கோடியும். இருந்தாலும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது, மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்துவிடுவாள். அன்றைக்கு மீன் குழம்பு. மூடியையும் மீறி வாசம் வந்துகொண்டிருந்தது.

அவள் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டிவிக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு படத்தை முதல்நாள்தான் மாட்டியிருந்தேன். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பெண்ணின் முகம். அந்தப் பெண் நான்தான். வரைந்ததும் நான்தான்.

"அக்கா, அதை இறக்கு."

"முதல்ல உள்ள வா."

"இறக்கினாத்தான் வருவேன். யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க? அத்தான் எப்படி இதை மாட்ட விட்டாங்க?"

என் கணவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கினார். "நல்லாத்தானே இருக்கு. மூக்குதான் கொஞ்சம் பெரிசாப் போச்சு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் படங்களுக்கு அவர் சொல்லும் விமர்சனம் இந்த அளவுதான்.

செல்வி சிரிக்கவில்லை. பாத்திரத்தைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் வரும்வரைகூட நிற்காமல் படியில் இறங்கிப் போய்விட்டாள். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. அவளோ முட்டி வலிக்காரி.

குழம்பைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டோம். கோபம் அவளுக்குத்தானே, மீன் என்ன செய்தது.

எங்கள் வீட்டுச் சுவர்கள்

மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் தனியாக, பெரிதாக, கூடத்துச் சுவரில் தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப?" என்று கேட்பார்கள். கல்யாணப் படத்தில் அவள் கணவனோடு நிற்கலாம். பிள்ளையின் பட்டமளிப்புப் படத்தில் ஓரமாக நிற்கலாம். தனியாக ஒரு சட்டம் வேண்டுமென்றால் அவள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாததில்லை. அந்த மாதிரி முகங்களை வரைந்துதான் பல வருடம் பிழைத்தேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நான் வேலை பார்த்த பிரேம் கடையைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். புதிதாக வந்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. பின்பக்கத்தில் ஒரு மேசை, ஒரு விளக்கு, டர்பன்டைன் வாடை, நான். இறந்தவரின் புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் பெரிதாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

ஆண்களை வரைவது சுலபம். அவர்களுக்கு எப்படியும் பத்துப் படம் இருக்கும். வேலையிடத்தில் மாலை வாங்கியது, கோயில் கமிட்டியில் நின்றது, நண்பர்களோடு பினாங்கு போனது. பெண்களுக்கென்றால் பிள்ளைகள் முழிப்பார்கள். "அம்மா போட்டோ எடுக்க விட மாட்டாங்க" என்பார்கள். கடைசியில் அடையாள அட்டைப் படம்தான் வரும். இரண்டு காதும் தெரிய, பயந்துபோன கண்களோடு, யாரோ ஒரு அதிகாரிக்காகப் பார்த்த பார்வை.

பிறகு கோரிக்கைகள் ஆரம்பமாகும். அம்மாவைக் கொஞ்சம் வெள்ளையாகப் போடுங்கள். கழுத்தில் ஒரு அட்டிகை போட்டுவிடுங்கள், ரொம்ப நாள் ஆசை. முடியை அடர்த்தியாக்குங்கள். லேசாகச் சிரிக்க வையுங்கள். நான் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. உயிரோடிருக்கும்போது வாங்கித் தராத அட்டிகையை நான் மூன்று நாளில் வாங்கித் தந்துவிடுவேன்.

ஒருமுறை மூன்று மகன்கள் வந்து என் மேசைக்கு முன்னால் சண்டை போட்டார்கள். அம்மாவின் கன்னத்து மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தகராறு. புகைப்படத்தில் அந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. மூவரும் ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள். சாயந்திரம் மூத்த மருமகள் தனியாக வந்தாள். "மச்சம் கன்னத்துல இல்லக்கா, தாடைக்குக் கீழ. கடைசி ஆறு மாசம் நான்தான் முகம் கழுவி விட்டேன்" என்றாள். தாடைக்குக் கீழே வைத்தேன். மகன்கள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று பேருமே, "நான் சொன்னேன்ல" என்றார்கள்.

இத்தனை பெண்களை வரைந்தவளுக்கு ஒருநாள்கூடத் தன்னை வரைந்து பார்க்கத் தோன்றவில்லை. என் முகத்தில் யாருக்கு என்ன வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

படுக்கையில் பார்த்த பெண்கள்

போன வருடம் எனக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, பிறகு மருந்து ஏற்றல். முடி கொட்டியது. நடுவில் கிருமி தொற்றிக் காய்ச்சல் எகிறி, சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். அந்த நாட்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பது ஒரு இயந்திரத்தின் டிக் டிக் சத்தம் மட்டும்தான். மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னை எதுவும் செய்ய விடவில்லை. என் கணவர் நூலகத்திலிருந்து தடித் தடியான ஓவியப் புத்தகங்களாகத் தூக்கிவந்தார். "இதுல படிக்கிற வேலை இல்ல, பாத்தாப் போதும்" என்பது அவர் கணக்கு. அப்படித்தான் அந்தப் பெண்கள் என் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவள் ஒரு கன்னியாஸ்திரி. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மடத்தில் கையால் புத்தகம் எழுதியவள். ஒரு பெரிய எழுத்தின் வளைவுக்குள் தன் உருவத்தைக் குட்டியாக வரைந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தான் ஒரு பாவி என்றும், இந்தப் புத்தகத்தை எழுதி வரைந்தது தான்தான் என்றும் கூடவே குறிப்பு. பாவி என்று ஒத்துக்கொண்டால் பேரைப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

இன்னொருத்தி சாப்பாட்டு மேசைகளை வரைந்தவள். பாலாடைக்கட்டி, ரொட்டி, மீன், உலோகக் கிண்ணங்கள். கிண்ணத்தின் பளபளப்பை உற்றுப் பார்த்தால், உளுந்தளவுக்கு ஒரு முகம். அவளுடையது. ஒரே கிண்ணத்தில் பல இடங்களில் தன்னை ஒளித்து வைத்திருக்கிறாள். வாங்கிப் போனவர் பாலாடைக்கட்டிப் படம் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பார். நான் பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லி அரை மணி நேரம் தேடினேன்.

அந்தக் காலத்தில் பெண்கள் ஆடையில்லாத உடலைப் பார்த்து வரையப் பழகக் கூடாது என்று ஓவியப் பள்ளிகளில் சேர்க்க மாட்டார்களாம். மாடல் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் கண்ணாடி இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் தங்களையே வரைந்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு இது தற்பெருமை என்று சொல்பவர்களை என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு, பத்திரிகையில் எழுத முடியாது.

அவர்களில் பாதிப் பேர் கையில் தூரிகையோடு இருந்தார்கள். முதலில் எனக்கு அது விளங்கவில்லை. அழகாக உட்கார்ந்து போஸ் கொடுக்கும்போது கையில் எதற்குத் தூரிகை? பிறகுதான் புரிந்தது. அது இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அப்பா வரைந்தார், அண்ணன் வரைந்தார் என்று சொல்லிவிடுவார்கள். ஒருத்தி படங்களை அப்படித்தான் யாரோ ஒரு ஆணின் பெயரில் நெடுங்காலம் மாட்டி வைத்திருந்தார்களாம். அவள் தன்னை வரைந்த படத்தில் நாற்காலியில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, நம்மிடம் ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி திரும்பியிருக்கிறாள்.

எண்பது வயதில் ஒரு அமெரிக்கப் பெண்மணி நாற்காலியில் பொட்டுத் துணியில்லாமல் உட்கார்ந்து, தொங்கும் வயிறும் கையில் தூரிகையுமாகத் தன்னை வரைந்திருந்தார். அந்தப் பக்கம் வந்தபோது என் கணவர் காப்பியோடு உள்ளே வந்தார். புத்தகத்தைச் சட்டென்று மூடிவிட்டு, "சூடா இருக்கும்போதே குடி" என்று சொல்லிப் போய்விட்டார். நான் மறுபடி திறந்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு பக்கம் மார்பில்லாத என் உடம்பை அதுவரை நான் குளியலறைக் கண்ணாடியில்கூட நேராகப் பார்த்திருக்கவில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

நம் நகரத்தின் பெரிய கலைக்கூடத்திலும் ஒரு பெண்மணி தன்னையே வரைந்த சின்னப் படம் ஒன்று உண்டு. யாருக்காகவும் சிரித்துவைக்காத முகம். முன்பு அதைக் கடந்து போயிருக்கிறேன். உடம்பு தேறியதும் முதல் வேலையாக ரயில் ஏறிப் போய் அதன் முன்னால் நின்றேன்.

தமிழ்ப் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் தேடினேன். கோயிலில் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும் பெண் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை அவள் கையில் கொடுத்தவர் உளியைக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் தன் முகத்தைத் தானே வரைந்து வைத்த ஒருத்தி எங்காவது இருந்திருப்பாள். எனக்கு அகப்படவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பழகிய கை

இந்த நேரத்தில்தான் ஹுய் லிங் அழைத்தாள். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சின்ன ஓவியக் கூடம் நடத்தும் பெண். பிரேம் கடையில் என் வேலையைப் பார்த்திருக்கிறாள். பெண்கள் தங்களைத் தாங்களே வரைந்த படங்களை வைத்து ஒரு கண்காட்சி போடப் போகிறேன், நீங்கள் ஒன்று தருவீர்களா ஆன்ட்டி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டேன்.

கண்ணாடி முன் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் முடித்தேன். சட்டம் போட்டேன். தள்ளி நின்று பார்ப்பதற்காகத்தான் கூடத்தில் மாட்டினேன். மறுநாள் செல்வி வந்தாள், போனாள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

நான்கு நாள் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படம்கூட அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் நானே கிளமெண்டிக்குப் புறப்பட்டேன். படத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. எனக்கு உடம்பு முடியாதபோது என்னைக் குளிப்பாட்டியவள் அவள். அவள் மனது கஷ்டப்படுகிற ஒரு படத்தை ஊர் பார்க்க மாட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. கொடுக்காமல் போனால் இனி எப்போதுமே தரமாட்டேன் என்றும் தெரிந்தது.

வெட்டி எடுத்த படம்

செல்வி சமையலறையில் இக்கான் பிலிஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடும் வேலையில் முகத்தைப் பார்க்காமல் பேசலாம், அது ஒரு வசதி.

"இன்னும் மாட்டித்தான் வெச்சிருக்கியா?" என்றாள்.

"இறக்கிட்டேன். கட்டிலுக்கு அடியில இருக்கு."

"அத்தான் சொன்னாங்க. எக்ஸிபிஷனுக்குக் குடுக்கப் போறியா?"

"நீ ஏன் அப்படிப் போனேன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்."

அவள் கையிலிருந்த நெத்திலியைப் போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்து எதையோ தேடி என் முன்னால் வைத்தாள்.

அது என் முகம். செல்வியின் கல்யாணத்தில் எடுத்த குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. நான் அரக்கு நிறப் பட்டுச் சேலையில், இன்னும் முடியெல்லாம் இருந்த காலத்தில். தோளுக்குக் கீழே வெட்டியிருந்தாள். பின்னணியைக்கூட ஏதோ செயலியில் அழித்திருந்தாள். என் தோள்மேல் மட்டும் மருதாணி போட்ட நான்கு விரல்கள் அழியாமல் கிடந்தன. அவளுடைய விரல்கள்.

"நீ ஐசியூவில இருந்தப்ப டாக்டர் எங்களை ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினாரு. அத்தானுக்கு ஒண்ணும் கேக்கல, சும்மா தலையாட்டிட்டு இருந்தாரு. எல்லாத்தையும் நான்தான் பாக்கணும்னு ஆகிப்போச்சு. அன்னிக்கு உக்காந்து தேடினேன் அக்கா. நீ மட்டும் இருக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுத்தவளுக்கு ஒரு படம் இல்ல லா. அப்புறம் இதை வெட்டினேன். ஒழுங்கா வெட்ட வரல."

"யாருக்காவது அனுப்பினியா?"

"இல்ல. எடுத்து வெச்சேன், அவ்வளவுதான். நீ மூச்சு விட்டுட்டு இருக்கே, நான் உன் படத்தை எடுத்து வெச்சேன். அது போதாதா?" அவள் அழ ஆரம்பித்தாள். "அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தா, அதே மாதிரி நீ சுவர்ல இருக்கே. என்னால உள்ள வர முடியல."

இறந்தவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த எத்தனையோ தங்கைகளை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கும் ஆறுதல் சொன்னதில்லை, அளவு என்ன என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையிலும் மீன் வாடை.

கிளம்பும்போது அவள் சொன்னாள், "உனக்கு வரையணும்னா வரை. நான் வேணாம்னு சொல்லல. என்னைப் பாக்க மட்டும் கூப்பிடாத."

இரண்டாவது படம்

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை இழுத்து, ஜன்னலோரம் சாத்தி வைத்துத் தொழில்காரியாகப் பார்த்தேன்.

செல்வி பயந்தது சரிதான். அது செத்தவளின் படம்.

வெளிர் நீலப் பின்னணி. தலையைச் சுற்றி லேசான வெளிச்சம். நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரிய, உதடு மூடி. நிறத்தை ஒரு படி கூட்டியிருந்தேன். கழுத்தில் என்னிடம் இல்லவே இல்லாத ஒரு அட்டிகை. உச்சந்தலையில் விரலளவு நரைமுடி வைத்திருக்கும் எனக்கு, அடர்த்தியான கொண்டை. யாரும் கேட்காமலே என் கை எல்லாக் கோரிக்கைகளையும் நிறைவேற்றி வைத்திருந்தது. கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைந்தேன், சத்தியமாக. அத்தனை வருடம் ஒரே தடத்தில் ஓடிய கைக்குக் கண்ணாடி எதற்கு?

வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில், ஒப்படைக்க எட்டு நாள்தான் இருக்கிறது என்று உறைத்தது.

என் கணவர் அலமாரிக் கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிச் சமையலறை ஜன்னலோரம் வைத்துக் கொடுத்தார். அங்கேதான் காலை வெளிச்சம் நன்றாக விழும். ஒரு பழைய டி-சட்டை. காறை எலும்புக்குக் கீழே மருந்து ஏற்றக் குழாய் வைத்த தழும்பு அதில் தெரியும், தெரியட்டும் என்று விட்டேன். நேராக உட்காரவில்லை, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தேன். கையில் தூரிகை.

அந்தத் தூரிகைதான் ரொம்பப் படுத்தியது. கண்ணாடியில் வலது கை இடது கையாகத் தெரியும். வரையும் கையைத்தான் வரைய வேண்டும், ஆனால் அது வரைந்துகொண்டே இருப்பதால் ஒரு நிலையில் நிற்காது. பார்க்க ஒரு நொடி நிறுத்துவேன், இரண்டு கோடு போடுவேன், மறுபடி நிறுத்துவேன். புத்தகத்துப் பெண்கள் அத்தனை பேரும் இந்த அவஸ்தைப் பட்டிருப்பார்கள் என்று நினைத்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. இத்தனை நாள் அவர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது அவர்களோடு வேலை செய்தேன்.

ஆறாம் நாள் வாயை வரைந்துகொண்டிருந்தபோது என் கணவர் பின்னாலிருந்து, "உப்பு எங்க வெச்சிருக்கே?" என்றார். "கண்ணு முன்னாடிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாதி திரும்பினேன். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன். எரிச்சலும் சிரிப்புமாக, ஒரு வார்த்தை பாதி வெளியே வந்த வாய். அதையே வரைந்தேன். மூடிய உதடுகளை ஆயிரம் போட்டிருப்பேன், பேசுகிற வாயை அதற்கு முன் நான் வரைந்ததே இல்லை.

முடித்து அனுப்பிய அன்று செல்விக்குச் செய்தி அனுப்பினேன். வேற படம் குடுத்திருக்கேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறக்கிறாங்க, முடிஞ்சா வா, இல்லன்னா பரவாயில்ல. இரண்டு நீலக் குறி விழுந்தது, பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை.

பூ

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிராங்கூன் சாலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் நீந்தித்தான் போனோம். கடைவீட்டின் மரப்படி ஏறி மாடிக்குப் போனால் நல்ல வெளிச்சம், வெள்ளைச் சுவர், பதினைந்து இருபது பெண் முகங்கள்.

என் படம் எதிர்ச்சுவரில் நடுவில் இருந்தது. அதன் சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் இறங்க, அடர்த்தியாகக் கட்டிய மல்லிகைச் சரம்.

ஹுய் லிங் ஓடிவந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். கீழே பூக்கடையில் தானே நின்று வாங்கினாளாம். இங்கே கடைகளிலெல்லாம் பெரியவர்களின் படத்துக்கு இப்படிப் பூப் போட்டு மரியாதை செய்வதைப் பார்த்திருக்கிறாளாம். "பிடிச்சிருக்கா ஆன்ட்டி?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன். "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். என் கணவர் மேல்கூரையைப் பார்த்தார். அட்டிகையை எடுத்தேன், நீலத்தை எடுத்தேன், உதட்டைத் திறந்தேன், எட்டு நாள் ராப்பகலாய் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். ஒரு மல்லிகைச் சரம் என்னை மறுபடி செத்தவர்களோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. செல்வி வராமல் இருந்ததே நல்லது என்று நினைத்தேன். வந்தவர்களுக்கு வைத்திருந்த கறி பஃப் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் என் படத்தின் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

"களையான முகம்மா. எப்ப தவறினாங்க?"

அந்தப் பெண் செல்வி. எப்போது படியேறி வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. முட்டி வலியோடு ஏறியிருக்கிறாள், ஒரு கையால் முட்டியைப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கறி பஃப்பைக் கடித்தபடியே நின்றேன்.

செல்வி ஒரு அடி முன்னால் போனாள். படத்தில் இருந்த நரைமுடியைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். எனக்கு அது மணிக்கணக்காகத் தெரிந்தது.

"தவறல ஐயா" என்றாள். "எங்க அக்கா. அதோ ஜன்னல்கிட்ட நின்னு சாப்பிட்டுட்டு இருக்காங்க பாருங்க."

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயில் மாவோடு கையை ஆட்டினேன். அவர் பதறிப்போனார். "மன்னிச்சுக்கம்மா, பூ போட்டிருந்துச்சு, அதான்…"

"பூ சும்மா வாங்கி வெச்சது, ஐயா. நாங்க வெச்சுக்கறதுக்கு."

சொல்லிக்கொண்டே எட்டிச் சரத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். ஒரு சாண் அளவுக்கு நூலைப் பல்லால் கடித்து நறுக்கினாள். இறந்தவர் படத்துக்குப் போட்ட பூவை எங்கள் வீடுகளில் யாரும் தலையில் வைக்க மாட்டார்கள், தொடக்கூட யோசிப்பார்கள். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதவள் செல்வி, பூனை குறுக்கே போனால் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பவள். அந்தத் துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, தன் கொண்டையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த துண்டு ஹுய் லிங்குக்கு. "டர்ன் அரவுண்ட் லா" என்று சொல்லி அவளைத் திருப்பி நிறுத்திக் குதிரைவாலில் சுற்றிவிட்டாள். என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது. அன்று பூ வைத்துவிட்டதை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். மற்ற ஓவியர்கள் வரிசையாக வந்தார்கள், ஆளுக்கொரு துண்டு போனது.

கடைசியில் என்னிடம் வந்தாள். என் தலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல எங்க வெக்கிறது?"

"விடு, வேணாம்."

"சும்மா இரு."

தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, காதுக்குப் பின்னால் இருந்த கொஞ்சம் முடியைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு மூன்று பூவை எப்படியோ குத்தி நிறுத்தினாள். என் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவள் என்னோடு நிற்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கூடம் மூடும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. படியேறி வந்த ஒவ்வொருவரிடமும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க அக்கா. அவங்களே வரைஞ்சது."